படைப்பு, அன்னதானம், மோர்ப்பந்தல்: செட்டிநாட்டு ஊர்ப்பந்திக்கு உணவுப் பதிவு வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடிச் சாலையில் அன்னதானக் கொட்டகை, சித்திரையில் முக்குக்கு முக்கு மோர்ப்பந்தல், ஆடியில் கூழ், இடையிடையே படைப்பு (பங்காளிகள் கூடி முன்னோருக்கு ஆக்கிப் படைக்கும் வழிபாடு), கிடாவெட்டு, செவ்வாய்ப் பொங்கல். காசு வாங்காமல் ஆக்கிப் போடுவது செட்டிநாட்டில் ஊர்க் கடமையாகவே இருந்துவருகிறது. அந்தச் சோற்றுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும் என்று கேட்கும்போது, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர்களும் சமையல் மேஸ்திரிகளும் இளைஞர் மன்றத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

காசு வாங்காமல்தானே போடுகிறோம். இதற்கும் சட்டமா?

ஆம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், ‘உணவுத் தொழில்’ என்பதற்கு இலக்கணம் சொல்லும்போதே லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சேர்த்துத்தான் சொல்கிறது. இலவசம் என்பதால் விலக்கு கிடையாது. அதன்கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு விதிமுறைகள் இன்னும் நேராகப் பேசுகின்றன. சமயக் கூட்டத்திலோ சமூகக் கூட்டத்திலோ உணவு வழங்குபவர் ‘சிறு உணவு உற்பத்தியாளர்’ என்ற வகையில் வருகிறார். அவருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். கேட்டரிங்காரர் மட்டும் இந்த வகையில் சேரமாட்டார். திருவண்ணாமலை தீபத்துக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் அன்னதானம் போடுகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வருவதற்கும் அடிப்படை இதுதான்.

சட்டம் கடையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடைக்கு முதலாளி உண்டு, கதவு எண் உண்டு, வருஷம் முழுக்க எரியும் அடுப்பு உண்டு. ஊர்ப்பந்திக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. உரசல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்காக விதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஐந்நூறு பேர் சாப்பிட்ட இடத்தில் நாலு பிள்ளைகளுக்கு வாந்தி என்றால், யார் ஆக்கியது, எந்தத் தண்ணீர், எப்போது இறக்கியது என்று கேட்பதற்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் வேண்டும். பதிவு கேட்பது அதைத்தான்.

வீட்டுக் கல்யாணம், மணிவிழாவுக்கும் பதிவு எடுக்க வேண்டுமா?

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்த உறவுக்கும் நட்புக்கும் ஆக்கிப் போடுவதற்கு நடைமுறையில் பதிவு கேட்பதில்லை. அழைப்பு இல்லாமல் யார் வந்தாலும் இலை போடும் பந்திதான் துறையின் கண்ணில் அன்னதானம்.

ஆனால் சமையலை ஆளிடம் விட்டால் கதை வேறு. சமையல் காண்டிராக்ட் எடுப்பவருக்கு அது தொழில். அவரிடம் பதிவோ உரிமமோ இருந்தாக வேண்டும். மண்டபத்தில் நடந்தாலும் உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் (உள்முற்றத்தில்) கோட்டை அடுப்பு போட்டு ஆக்கினாலும் இது மாறாது. அச்சாரம் கொடுக்கும் முன் அவருடைய 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். முதல் இலக்கம் 2 என்றால் பதிவு, 1 என்றால் உரிமம். அடுத்த இரண்டு இலக்கம் மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 24. எண்ணை உணவுப் பதிவுக்கும் உரிமத்துக்குமான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாதவரும், மைத்துனர் கடையின் எண்ணைச் சொல்கிறவரும் உண்டு. பெயரும் முகவரியும் அவருடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படைப்பு எந்தக் கணக்கு? பங்காளிகள் மட்டும்தானே கூடுகிறோம்?

பங்காளி வீட்டாரும் அழைத்த சம்பந்தப்புரமும் (சம்பந்தி வீட்டாரும்) மட்டும் படைப்பு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது குடும்பக் காரியம். அதே நாளில் வெளியே பந்தல் போட்டு ஊருக்கும் இலை போட்டால் அந்தப் பகுதி பொது வழங்கல். பல ஊர்களில் இரண்டும் ஒரே அடுப்பில் நடக்கின்றன. அப்படியானால் பதிவு எடுத்துவிடுவதே நல்லது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் மாதிரி, அவரவர் பானையில் பொங்கி அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போவது இந்த விதிக்குள் வராது. அங்கே பொது வழங்கல் என்று எதுவும் நடக்கவில்லை.

புள்ளி வரி (ஒரு குடும்பம் ஒரு புள்ளி என்று பிரிக்கும் வரி) போட்டு நடத்துகிறோம். நடத்துகிறவர் என்று தனியாக யாரும் இல்லை. பதிவு யார் பெயரில்?

அதிகமாகத் தடுமாற வைப்பது இந்தக் கேள்விதான். நூற்றிருபது புள்ளி சேர்ந்து வரி கொடுத்திருப்பார்கள். அரிசி ஒருவர், எண்ணெய் ஒருவர், காய்கறி இன்னொருவர். படிவமோ ஒரே ஒரு பெயரைக் கேட்கிறது.

கோயில் நிர்வாகமே தன் மடைப்பள்ளியிலோ மண்டபத்திலோ நடத்தினால் கோயில் பெயரில் பதிவு இருக்கும்; அதற்குள்ளேயே உங்கள் நாளும் அடங்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று காரியக்காரரிடம் கேட்பது மட்டும். சங்கம், அறக்கட்டளை, நகரச் சத்திரம் போன்ற பதிவு பெற்ற அமைப்பு இருந்தால் அதன் பெயரில் விண்ணப்பித்து, பொறுப்பாளராக ஒருவரைக் காட்டலாம். இரண்டும் இல்லாத வெறும் ஊர்க்கூட்டம் என்றால் ஒரு தனிநபர் பெயரில்தான் எடுக்க வேண்டும்.

அப்போது ஒரு காரியம் செய்யுங்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பெரியவர் பெயரை மரியாதைக்காகப் போடாதீர்கள். ஓடிபி அவர் போனுக்குப் போகும், அலுவலர் அழைத்தால் அவர் ஊரில் இருக்க மாட்டார், கேள்வி வந்தால் பதில் சொல்லவும் தெரியாது. அடுப்படியில் அன்று முழுக்க நிற்கப்போகிறவர் பெயரைப் போட்டு, புள்ளிகள் கூடிய கூட்டத்தின் தீர்மானத்தில் ‘இவர் எங்கள் அனைவர் சார்பிலும் பொறுப்பேற்கிறார், வரும் செலவும் பொறுப்பும் பொதுவில் சேரும்’ என்று ஒரு பக்கம் எழுதி ஐந்தாறு பேர் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அந்தத் தாளைக் கேட்காது. பெயர் கொடுத்தவர் தனியாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும்.

ஆயிரம் பேருக்கு ஆக்கினால் 100 கிலோவைத் தாண்டிவிடுமே. அப்போது உரிமம் வேண்டாமா?

நாளொன்றுக்கு 100 கிலோ, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் வரம்பு 2011 விதிமுறைகளில் குடிசைத்தொழில், சிறுதொழில் பிரிவுக்குச் சொன்னது. சமய, சமூகக் கூட்டங்களில் வழங்குபவர்களைச் சொல்லும் வரி அதற்கு முந்தைய தனிப் பிரிவு. அதில் கிலோ வரம்பு எழுதப்படவில்லை. இ-சேவை மையத்தில் இதை மாற்றிப் புரிந்துகொண்டு உரிமத்துக்கு விண்ணப்பித்து வைத்தால் கட்டணமும் கூடும், ஆவணமும் கூடும். நீங்கள் எடுக்க வேண்டியது பதிவு. வரம்புகளும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டுவதே கணக்கு.

பதிவு செய்வது எப்படி? எத்தனை நாள் ஆகும்?

ஃபாஸ்காஸ் தளத்தில் புதிய பதிவு என்பதைத் திறந்து, தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, தொழில் வகையைக் குறித்து, படிவம் ‘ஏ’-ஐ நிரப்ப வேண்டும். பொறுப்பாளரின் புகைப்படம், அடையாள அட்டை, ஆக்கும் இடத்தின் முகவரி, கைபேசி எண் இவ்வளவும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. கட்டணம் 2011 விதிமுறைகளின்படி ஆண்டுக்கு 100 ரூபாய். ஒன்று முதல் ஐந்து ஆண்டுவரை எடுக்கலாம் என்றும் அவற்றில் இருந்தது. இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆனால் ஓடிபி வரும் கைபேசி எண் மையத்துக்காரருடையதாக இருந்துவிடக் கூடாது. பிறகு ஏதாவது தேவைப்படும்போது அந்த ஆளைத் தேடிக்கொண்டு அலைய வேண்டிவரும்.

விண்ணப்பம் சேர்ந்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது பார்வையிட வருவதாகச் சொல்ல வேண்டும். பார்வையிடுவதென்றால் 30 நாள். ஏழு நாளில் எந்தப் பதிலும் இல்லையென்றால் தொடங்கிக்கொள்ளலாம் என்று விதிமுறையே சொல்கிறது. பிறகு அலுவலர் சொல்லும் திருத்தங்களைச் செய்தாக வேண்டும். ஆகவே ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். காப்புக் கட்டிய பிறகு ஓடினால் வேலைக்காகாது.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, இடத்தின் முகவரி தெளிவில்லாதது. ‘ஊருணிக்கரை, கோயில் எதிரே’ என்று எழுதினால் போதாது. வார்டு, வருவாய்க் கிராமம், பின்கோடு வேண்டும். மற்றொன்று மாவட்டத்தை மாற்றிப் போடுவது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, இராயவரம், அரிமளம், கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு என்பது நமக்கு ஒரே நாடு. துறைக்கு அது இரண்டு நியமன அலுவலர்களின் (மாவட்டத்தில் துறையின் பொறுப்பு அலுவலர்களின்) எல்லை. திரும்பி வந்த விண்ணப்பத்துக்கு உடனே பதில் ஏற்றாவிட்டால் தள்ளுபடியாகிவிடும்.

ஒரே ஒரு நாள்தான் போடுகிறோம். ஒரு நாள் அனுமதி என்று தனியாக உண்டா?

இல்லை. ஒரு நாள் பந்திக்கும் வழக்கமான பதிவுதான். நாங்கள் இதைக் குறையாகவே பார்க்கிறோம். திருவிழா, பாதயாத்திரை போன்றவற்றுக்கு இடம், நாள், பொறுப்பாளர், ஆக்கும் அளவு ஆகிய நான்கை மட்டும் கேட்கும் தற்காலிகச் சீட்டு இருந்தால், இன்று பயந்து ஒதுங்கும் பாதிப் பேர் தாமாகவே வந்து பெயர் கொடுப்பார்கள். அது வரும்வரை இருக்கிற வழி இதுதான். அதே இடத்தில் வருஷா வருஷம் போடுகிறவர்கள் தளம் அனுமதிக்கும் அதிகக் காலத்துக்கு எடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

பழனிப் பாதயாத்திரைக் கொட்டகைக்கு எந்த ஊரில் பதிவது?

பதிவு ஆளைப் பொறுத்தது மட்டுமில்லை, இடத்தையும் பொறுத்தது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரிவரை சிவகங்கை மாவட்டம். நத்தம் தாண்டும்போது திண்டுக்கல் மாவட்டம். காரைக்குடிக் குழு நத்தத்தில் கொட்டகை போட்டு அங்கேயே ஆக்கினால் நத்தம் பகுதி அலுவலரிடம்தான் பதிய வேண்டும். காரைக்குடியில் ஆக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனால் ஆக்கும் இடத்துக்குப் பதிவு. இதைவிடப் பெரிய கவலை, வேனில் அது எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்பது. அதைக் கீழே பார்க்கலாம்.

சாலையோரம் பந்தல் போட நெடுஞ்சாலைத் துறை அல்லது உள்ளாட்சி, காவல் நிலையம் இவற்றின் அனுமதி தனி. உணவுப் பதிவு அதற்கு ஈடாகாது.

500 பேர் பந்தியில் எதுதான் கெட்டுப்போகிறது? எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஒன்றும் ஆனதில்லையே?

தாத்தா காலத்தில் ஆக்கிய இடமும் இலை போட்ட இடமும் ஒன்றாகவே இருந்தன. இறக்கின சோறு அரை மணியில் இலைக்கு வந்தது. இப்போது விடிகாலை நாலு மணிக்கு மொத்தச் சோற்றையும் வடித்து, பதினோரு மணிக்கு வண்டியேற்றி, ஒரு மணிக்குப் பந்தி வைக்கிறோம். கெடுதல் அந்த ஒன்பது மணி நேரத்தில் நடக்கிறது.

அரிசியில் இயல்பாகவே இருக்கும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு 60 பாகை (டிகிரி செல்சியஸ்) சூட்டுக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை விடுகின்றன. வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ‘சுட வைத்துத்தானே போட்டோம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. இறைச்சிக் குழம்பில் வேறொன்று: ‘குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ்’. பெரிய அண்டா மெல்ல ஆறும்போது நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதற்கு அதுதான் விளைநிலம். தயிர்சாதம், கோசுமல்லி, தேங்காய்ச் சட்டினி மாதிரி கை படும் பண்டங்களில் வருவது விரல் புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ‘ஸ்டஃபிலோகாக்கஸ்’.

இதற்கு மருந்து மூன்றுதான்: சூடாக இருப்பது 60 பாகைக்கு மேல், குளிர்ந்தது 5 பாகைக்குக் கீழ், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குத்து வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அண்டாவின் ஓரத்தில் குத்தாதீர்கள், நடுவில் குத்துங்கள்.

கணக்காகச் சொன்னால்: முழுச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேர். 500 பேருக்கு 50 முதல் 60 கிலோ. வடித்தால் 150 கிலோவை ஒட்டி வரும். இதை ஒரே நேரத்தில் ஆக்காமல் தவணையாகப் பிரியுங்கள். ஒரு பந்தி 100 பேர் என்றால் இலை போட்டு எடுக்க அரை மணி முதல் நாற்பது நிமிடம். ஒரு தவலை 10 அல்லது 12 கிலோ வடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். முதல் பந்திக்கு இரண்டு தவலை முன்னே இருந்தால் போதும். பின்னாலே வருவது அடுப்பிலிருந்து நேராக வரும். இதற்கு மேஸ்திரி ஒத்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். பந்தி முடியும்வரை அடுப்பு எரிய வேண்டும் என்பதைக் கூலி பேசும்போதே பேசிவிடுங்கள்.

வெள்ளைத்துணி விரித்துச் சோற்றைக் கொட்டி வைப்பது சித்திரான்னம் கிளற ஆறவைப்பதற்குச் சரி. சூடாகப் போட வேண்டிய சோற்றை அப்படிக் கொட்டினால் அரை மணியில் ஆபத்தான சூட்டுக்கு வந்துவிடும். சாம்பார், குழம்பு, ரசத்தை ஈயம் பூசாத பித்தளையில் வைக்காதீர்கள். புளி செம்பைக் கரைக்கும், குமட்டல் வரும். பரண்மேலிருந்து இறக்கும் பழைய அண்டாக்களில் இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கவுனி அரிசியை இரவு ஊறவைத்துக் காலையில் வேகவிடுவது சரிதான். தேங்காய்ப் பூவை மட்டும் பரிமாறும் நேரத்தில் சேருங்கள். ஆடிக் கும்மாயம், உக்காரை போன்றவை நெய்யும் சர்க்கரையும் மிகுந்தவை, அவ்வளவு சீக்கிரம் கெடாது. பால் பணியாரத்தில் தேங்காய்ப்பால் இருப்பதால் அது இரண்டு மணி நேரப் பண்டம்.

கிடாவெட்டுக்கு என்ன விதி?

பலியைப் பற்றி இந்தச் சட்டம் பேசுவதில்லை. 1950-இல் வந்த பலித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2004-இல் நீக்கப்பட்டுவிட்டது. இங்கே கேள்வி ஆக்குவதும் போடுவதும் மட்டும்.

வெட்டும் இடம் ஆக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்; குடல் கழுவும் தண்ணீர் ஊருணிப் பக்கம் ஓடக் கூடாது. ஊருணி பல ஊர்களில் இன்னும் புழங்கு நீர். பச்சைக் கறியை அரிந்த அரிவாள்மனையும் பலகையும் வெங்காயம், மல்லித்தழைக்கு வரக் கூடாது. இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தமும் குடலும் முதலில் அடுப்பேற வேண்டும், அவை சீக்கிரம் கெடும். இரவு வெட்டி மறுநாள் மதியம் விருந்து என்றால் கறியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தாக வேண்டும். கோயில் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் போதாது. மீந்த குழம்பை அண்டாவோடு மூடிவைத்து மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றும் பழக்கம் எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வைத்தே தீர வேண்டும் என்றால் நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து, ஆற்றி, குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் தளதளவென்று கொதித்த பிறகு ஊற்றுங்கள்.

மோர்ப்பந்தலுக்குமா? வெறும் மோர்தானே?

பொது வழங்கல் என்பதால் அதற்கும்தான். மோரில் தயிரைவிடத் தண்ணீரும் பனிக்கட்டியும்தான் பிரச்சினை. 200 மில்லி வீதம் 500 பேருக்கு 100 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் தயிருக்கு 80 லிட்டர் தண்ணீர். அந்த 80 லிட்டர் கொதித்து ஆறியதாகவோ முத்திரை உடையாத கேன் தண்ணீராகவோ இருக்கட்டும். கை, பாத்திரம் கழுவத் தொட்டித் தண்ணீர் போதும். 1000 லிட்டருக்கு 4 கிராம் அளவு நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி விட்டுப் பயன்படுத்துங்கள். பல மாதம் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் இருக்காது.

பனிக்கட்டி: உண்ணத் தகாததில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்பது விதி. மீன் வண்டிக்குப் போகும் பாளம் வெள்ளையாக இருந்தாலும் மோரில் போடாதீர்கள். பாளத்தை மோருக்குள் போடாமல், மோர் அண்டாவைச் சுற்றிப் பெரிய தொட்டியில் நிரப்பினால் குளிர்ச்சியும் வரும், பயமும் இல்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் என்றால் மூன்று வாளி வேண்டும்: சோப்பு, அலசல், கொதிநீர்.

சாயம், எண்ணெய், இலை பற்றி?

கேசரிக்கும் லட்டுக்கும் அனுமதித்த சாயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம்வரை. கோழி வறுவலுக்குச் சாயமே கூடாது. பொரித்த எண்ணெயில் ‘மொத்தத் துருவச் சேர்மம்’ (திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் கெடுபொருள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடுப்படியில் அதற்கு அடையாளம், எண்ணெய் கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைவது. முந்திய நாள் வடை சுட்ட எண்ணெயை அடுத்த நாள் பணியாரத்துக்குப் புது எண்ணெயோடு கலக்காதீர்கள். வாழையிலையே போதும். வாழையிலை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தாள், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் சுருள் இரண்டும் தடைப் பட்டியலில் உள்ளவை. செய்தித்தாளில் வடை மடிப்பதும் கூடாது.

திருவிழாவில் ஆச்சிமார் சேர்ந்து பலகாரம் விற்கிறோம். அதற்கு?

விற்பனை என்றாலே பதிவு வேண்டும். மகளிர் குழுவாக இருந்தாலும், லாபம் கோயிலுக்கே போனாலும் சரி. சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல், மாவுருண்டை முதலியவற்றை எதிரில் நிறுத்துக் கொடுத்தால் பதிவு எண் தெரியும்படி வைத்தால் போதும். முன்கூட்டியே பொட்டலம் கட்டினால் லேபிள் வேண்டும்: பண்டத்தின் பெயர், சேர்மானம், எடை, விலை, செய்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிடலாம், செய்தவர் முகவரி, 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி. முறுக்கு வகை சிக்குப் பிடிப்பது ஈரத்தால்; முழுக்க ஆறும்முன் கட்டினால் பையில் வியர்க்கும். வேர்க்கடலை, முந்திரி, எள் சேர்த்திருந்தால் தவறாமல் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரி உயிர்.

மொய் வாங்கினால் அது விற்பனையா?

மொய் சாப்பாட்டின் விலை ஆகாது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் சேரும் தொகை பெரிதாக இருப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. அங்கும் பார்க்க வேண்டியது, ஆக்கும் காண்டிராக்டரிடம் எண் இருக்கிறதா என்பதைத்தான். டோக்கன் போட்டு, டோக்கன் இல்லாதவருக்கு இலை இல்லை என்றால் அது விற்பனை.

பதிவு இல்லாமல் போட்டால் என்ன செய்வார்கள்?

உரிமம் இல்லாமல் தொழில் நடத்துவதற்கான 63-ஆம் பிரிவின் தண்டனை, பதிவு மட்டும் தேவைப்படுவோரை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. ‘ஜெயிலுக்குப் போவீர்கள்’ என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். தனியாகத் தண்டனை சொல்லாத மீறல்களுக்கு 58-ஆம் பிரிவில் 2 லட்சம் ரூபாய்வரையும், சுகாதாரமற்ற முறையில் ஆக்கினால் 56-ஆம் பிரிவில் ஒரு லட்சம் வரையும் அபராதம் உண்டு. இவை உச்ச அளவுகள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் அடுப்படிக்குள் வரலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டதைப் பறிமுதல் செய்யலாம். வந்தால் பந்தியை நிறுத்திவிட்டுக் கூட்டம் கூட்டாதீர்கள். பொறுப்பாளர் ஒருவர் மட்டும் பேசட்டும். பதிவுச் சான்று, தண்ணீர் எங்கிருந்து வந்தது, சாமான் வாங்கிய பில், சமையல்காரர்களின் மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் காட்டட்டும். குறை சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திருத்தக்கூடியது என்றால் அவர் நிற்கும்போதே திருத்திக் காட்டுவது நல்லது. பெரும்பாலும் மூடாத அண்டா, தலைத்துணி கட்டாத ஆள், ஈரத்தரையில் காய்கறி, இவைதான் அங்கே தென்படும்.

சாப்பிட்டவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால்?

முதலில் ஆஸ்பத்திரி, கூடவே மீதிப் பந்தியை நிறுத்துங்கள். இருக்கிற உணவைக் கொட்டிவிடாதீர்கள். பயத்தில் அண்டாவைக் கழுவிவிட்டால் எதனால் வந்தது என்று மருத்துவருக்கும் தெரியாமல் போய்விடும். இதற்காகவே ஒவ்வொரு பண்டத்திலும் 200 கிராம் வீதம் முதல் பந்திக்கு முன்பே சுத்தமான மூடிப் பாத்திரத்தில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, 48 மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் சோறு, தயிர், கை பட்ட பண்டம் இவற்றின் மேல் சந்தேகம். எட்டு முதல் பதினாறு மணி கழித்து வயிற்றுப்போக்கு என்றால் கறிக்குழம்பு. யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்ற விவரத்தை அன்றே எழுதிவிடுங்கள். நியமன அலுவலருக்கு நீங்களே போன் செய்யுங்கள். துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

பாதிப்புக்கு இழப்பீடு 65-ஆம் பிரிவில் இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல், கொடுங்காயத்துக்கு 3 லட்சம்வரை, மற்றவற்றுக்கு ஒரு லட்சம்வரை. புள்ளிகள் கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கத் தாள் அப்போது தேவைப்படும்.

மீந்ததை என்ன செய்வது?

இலைக்கு வராமல் அடுப்பிலேயே சூடாக இருந்ததை மட்டும், இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் இடம் அருகில் இருந்தால் கொடுங்கள். முதியோர் இல்லம், விடுதிக்குக் கொடுக்கும்போது இன்ன நேரம் இறக்கியது, இன்ன நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று பாத்திரத்தின்மேல் எழுதி ஒட்டுங்கள். பந்தியில் வாளியோடு சுற்றி வந்ததைக் கொடுக்க வேண்டாம், அது மாட்டுக்கு. ஐந்து மணிக்கு மிஞ்சிய தயிர்சாதத்தை யாருக்கும் தராதீர்கள்.